கடப்பா அலமாரிய இடிச்சிட்டு வார்ட்ரோப் போடலாமா?

சத்துவாச்சாரில அப்பா கட்டுன வீடு, இப்ப ரெனவேஷன் நடக்குது. 10க்கு 11 பெட்ரூம்ல சுவத்துக்குள்ள பழைய கடப்பாக்கல் அலமாரி, ஆழம் 15 இஞ்சுதான். கார்பெண்டர் இடிச்சிடலாம்ங்கறார், வீட்ல ஸ்லைடிங் டோர்தான் வேணும்ங்கறாங்க, எனக்கு தலைய சுத்துது. என்ன பண்ணலாம்?

காட்பாடிக்காரன்: இடிக்காதீங்கண்ணா. கடப்பாவ கரையான் ஒண்ணும் பண்ணாது, மடிச்சு வைக்கற துணிக்கு 15 இஞ்சு தாராளம். ஹேங்கர குறுக்க மாட்டத்தான் 22, 24 இஞ்சு ஆழம் வேணும், அதுக்கு பதிலா முன்னாடி இழுக்கற ராடு போட்டா சட்டையெல்லாம் உங்கள பாத்தமாதிரி தொங்கும், இதுலயே அடங்கிடும்.

ரெட்டைத்தாழ்ப்பாள்: ஸ்லைடிங்னா ட்ராக்குக்கே 3, 4 இஞ்சு போயிடும், அதுவும் ஒரு நேரத்துல பாதிதான் தொறக்கும். கட்டிலுக்கு முன்னாடி ரெண்டரை அடி இருந்தா ஒண்ணரை அடி அகலத்துல சாதா கதவே போதும். ஆமா, அந்த சுவத்துக்கு பின்னாடி பாத்ரூமா? நாங்க ஓதம் பாக்காம போட்டு ஒரே மழைக்கு ப்ளைவுட் அப்பளமா உப்பிடுச்சு, காசு போனது போனதுதான்.

ஆரணிப்பொண்ணு: பட்டுப்பொடவைய மட்டும் ஹேங்கர்ல வருஷக்கணக்கா தொங்கவிடாதீங்க, ஜரிகை கனத்துக்கு இழுத்துக்கும். நான் பழைய காட்டன் வேட்டில சுத்தி வச்சு மூணு மாசத்துக்கு ஒருக்கா மடிப்ப மாத்திடுவேன். அந்துருண்டை ஜரிகைல படக்கூடாது.

கேட்டவர்: ஐயோ பாத்ரூம்தாங்க பின்னாடி! அப்ப கார்பெண்டருக்கு முன்னாடி ப்ளம்பரத்தான் கூப்புடணும் போல.