உறுமல், குத்து, கசிவு: இயர்போன் பேஸுக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினர்க்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் பேஸுக்கு, அதாவது ஒலியின் தாழ்ந்த பகுதிக்கு, ‘மெலிவு’ அல்லது ‘தாழ்சுரம்’ என்று வைக்கலாம் என்ற பரிந்துரையை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. மெலிவு, சமன், வலிவு மூன்றும் கீழ், நடு, மேல் தாயிகளுக்கு (சுர மண்டிலங்களுக்கு) தமிழிசையின் பழஞ்சொற்கள், மறுப்பில்லை. ஆனால் ‘இந்த இயர்போனில் மெலிவு அதிகம்’ என்று எழுதினால் பேஸ் இளைத்துக் கிடக்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய சிக்கல், தாயி என்பது பாடுபவரின் ஆதார சட்ஜத்தை (அடிச்சுரமான ‘ச’வை) ஒட்டி நகர்வது. பேஸ் நகராது, யார் பாடினாலும் ஏறத்தாழ 20 முதல் 250 ஹெர்ட்ஸ் வரைதான். ‘தாழ்சுரம்’ என்பதும் ஒட்டவில்லை. கிக் டிரம்மின் உதைக்குச் சுரம் ஏது?

பேஸ் பேஸாகவே இருக்கட்டும். சொல் வேண்டியது அதன் உட்பிரிவுகளுக்கு.

சப்-பேஸ், 20 முதல் 60 ஹெர்ட்ஸ்: உறுமல். உறுமி மேளத்தில் வளைகுச்சியைத் தேய்க்கும்போது வரும் இழுவையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிட்-பேஸ், 60க்கு மேல்: குத்து. தவிலின் தொப்பியில் கழி விழும் அடி.

மிட்-பேஸ் மிகுந்து குரலின் மேல் படிந்தால்: மூட்டம். ஆண்குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். 120 முதல் 250 வரை ஏற்றி வைத்த இயர்போன்களில் இது வாடிக்கை.

———

ஐயா,

உறுமலும் குத்தும் எனக்குச் சம்மதம். மூட்டத்தை மட்டும் தனியே வைக்கவேண்டும். முதல் இரண்டும் அலைவரிசைப் பகுதிகள், மூன்றாவது ஒரு குறை.

ஆனால் இவற்றுக்கு முன்னால் ‘சீல்’ என்பதற்கு, அதாவது இயர்போன் காதில் இடைவெளியின்றிப் பொருந்துவதற்கு, சொல் வேண்டும். இயர்டிப்புக்கும் (காதுக்குள் போகும் மென்முனை) காதுத்துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ் அலைவரிசை முதலில் ஓடிவிடும். 1 கிலோஹெர்ட்ஸில் வித்தியாசம் தெரியாது, 30 ஹெர்ட்ஸில் 10 டெசிபலுக்கு மேலும் இறங்கலாம். டயஃப்ரம் (இயர்போனுக்குள் அதிரும் மெல்லிய சவ்வு) தள்ளும் காற்று செவிப்பறை முன் அழுத்தமாக நிற்காமல் பக்கவாட்டில் வெளியேறுவதுதான் காரணம். 1991இல் வந்த எட்டிமோடிக் நிறுவனத்தின் ஈஆர்-4 இயர்போனை ‘பேஸே இல்லை’ என்று ஒதுக்கியவர்களில் பலர், அதன் மூன்றடுக்கு டிப்பைப் பாதி தூரமே செருகியவர்கள்.

இணையத்தில் கிடக்கும் அலைவரிசை வரைபடங்களை நம்பியும் பயனில்லை. ஐஇசி 60318-4 என்ற தரப்படி செய்த செயற்கைச் செவியில் அளப்பவர் கசிவே இல்லாமல் பொருத்தித்தான் அளப்பார். உங்கள் காது அப்படி இருக்கவேண்டும் என்று கட்டாயமா?

இரண்டு இயர்போன்களின் பேஸை ஒப்பிடுமுன் செய்யவேண்டியது: போனில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், டால்பி எல்லாம் நிறுத்தம். டோன் ஜெனரேட்டர் செயலியில் 40 ஹெர்ட்ஸ், ஒலியளவு தாழ்வாக. இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். ஒலி கூடினால் கசிகிறது. ஒரு சைஸ் பெரிய டிப். அந்த 40 ஹெர்ட்ஸ் முனகல் தலையின் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்தால் பெரும்பாலும் இடக்காதுதான் கசிகிறது. இரண்டு காதுக்கும் ஒரே சைஸ் பொருந்தவேண்டும் என்றில்லை, இடக்காதுக்கு எல், வலக்காதுக்கு எம் போட்டால் குற்றமில்லை. ஃபோம் டிப் என்றால் உருட்டிச் சுருக்கி, காதுமடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, அரை நிமிடம் பிடித்திருக்கவும். பிடிக்காமல் விட்டால் விரியும்போது தானாக வெளியே நகரும்.

அடுத்து 30 ஹெர்ட்ஸ். தெளிவான சுரமாகக் கேட்டால் மகிழவேண்டாம். அது பெரும்பாலும் 60, 90 ஹெர்ட்ஸில் டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) கூட்டிய உருத்திரிபு. ஒலியளவைக் கூட்டிக் கூட்டித் தேடவும் வேண்டாம், டிரைவருக்கும் காதுக்கும் கேடு.

கடைசியாக, இரண்டு இயர்போன்களையும் 1 கிலோஹெர்ட்ஸில் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் குறையும்போது பேஸ் மற்றதைவிட வேகமாகக் காதுக்கு மங்கும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே வரைந்து காட்டியது. இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் சத்தமான இயர்போனே ஜெயிக்கும்.

சீலுக்கு ‘காதடைப்பு’ என்று வைக்கலாமா?

———

கூடவே கூடாது. பசியில் காதடைக்கிறது என்பது தமிழன் தினம் சொல்வது, விமானம் இறங்கும்போதும் காதடைக்கும். ‘காதுக்கசிவு’ அதைவிட மோசம். சீழ் வடிகிறதோ என்று மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள்.

என் கருத்து: சீலுக்குச் சொல் தேடாமல், அது இல்லாதபோது நடப்பதற்குப் பெயர் வையுங்கள். காற்றுக்கசிவு. நீங்களே உங்கள் மடலில் ‘கசிகிறது’ என்றுதானே இயல்பாக எழுதியிருக்கிறீர்கள்? ‘நல்ல சீல்’ என்பதற்குக் ‘கசிவில்லாப் பொருத்தம்’ போதும். வென்ட் (இயர்போன் கூட்டில் விடும் காற்றுத்துளை) என்பதற்கு மூச்சுத்துளை என்றால் இரண்டும் குழம்பாது. ஒன்று வடிவமைப்பாளர் வேண்டுமென்றே விட்டது, மற்றது வேண்டாதது. முன்னறையின் (டயஃப்ரத்துக்கும் காதுக்கும் நடுவிலுள்ள அறை) மூச்சுத்துளையில் டேப் ஒட்டினால் உறுமல் ஏறும். பின்னறையினதை ஒட்டினால் டயஃப்ரத்துக்குப் பின்னால் காற்று விறைத்து பேஸ் சுருங்கும். துளை போதாமல் போனால் செருகும்போதே டயஃப்ரம் ‘சரக்’கென மடங்கும் ஒலி கேட்கும்.

பேஸ் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு ‘ஆழ எட்டு’ என்று வேறொரு இழையில் கண்டேன். புணர்ச்சி சேர்ந்தால் ‘ஆழவெட்டு’. குத்து ஏற்கெனவே இருக்க, வெட்டும் சேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை ஆகிவிடும். ‘ஆழம்’ என்றாலே விளங்கும், ‘25 ஹெர்ட்ஸ் ஆழம்’.

‘வேக பேஸ்’ (அடி விழுந்ததும் சட்டென அடங்கும் பேஸ்) பற்றியும் ஒரு வார்த்தை. இதற்குத் தனிச்சொல் கேட்பவர்களுக்கு நான் எதிர்ப்பு. ஒற்றை டிரைவர் இயர்போனில் அதிர்வு அடங்கும் பாங்கு பெரும்பாலும் அதன் அலைவரிசை வளைவோடு கட்டுப்பட்டது. மூட்டத்தை ஈக்வலைசரில் 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள், அதே இயர்போன் ‘வேக’மாகிவிடும். இல்லாத பண்புக்குக் கலைச்சொல் படைத்தால் அதைத் தேடி ஒருவர் காசு செலவழிப்பார்.

———

அம்மா சொன்ன கசிவு வாதம் சரி, காதடைப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு விதிவிலக்கையும் குறிப்பில் சேர்க்கவேண்டும்: ஏர்பாட்ஸ் புரோ போல உள்ளே மைக் வைத்து, காதுக்குள் கேட்பதை அளந்து பேஸைத் திருத்திக்கொள்ளும் வகைகளில் சிறு கசிவு அவ்வளவாகத் தெரியாது. அவற்றோடு கம்பி இயர்போனை ஒப்பிடுபவர் கம்பி இயர்போனுக்குக் கசிவுச் சோதனையை இருமுறை செய்யட்டும்.

———

பட்டியலில் ஏற்றுபவை: உறுமல், குத்து, ஆழம், காற்றுக்கசிவு, மூச்சுத்துளை. மூட்டம் ‘குறைகள்’ தலைப்பின் கீழ். ‘பேஸ்’ ஒலிபெயர்ப்பாக நிற்கும். வேதியியல் பட்டியலில் வேறொரு ‘பேஸு’க்கு (base) ‘காரம்’ இருப்பதால் மோதல் இல்லை. மூட்டத்துக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்று எல்லை போடவேண்டுமா என்பதை மட்டும் ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.