நோட்டீசில் சாமி படம்
(பிள்ளையார் கோவில் தெரு குடியிருப்போர் குழு)

கார்த்திக்: (படம்)
விழாக் கமிட்டியில் கொடுத்தார்கள். மேலே முருகர், கீழே வேட்பாளர், நடுவில் "நம் சாமியைக் கும்பிடுபவருக்கே நம் ஓட்டு". தெருவில் எல்லாரும் பார்க்கட்டும் என்று போட்டேன்.

பாத்திமா அக்கா: தெருவில் எல்லாரும் என்றால் நாங்களும்தானே தம்பி. எங்கள் வீட்டு நாலு ஓட்டு வேண்டாம் என்று அவரே சொல்கிற மாதிரி இருக்கிறது. படித்ததும் மனசு சங்கடப்பட்டது.

கார்த்திக்: உங்களை நினைத்துப் போடவில்லை அக்கா. ஆனால் உங்கள் பக்கத்திலும் சர்ச் பக்கத்திலும் இதே பேச்சு நடக்கிறதே, நாங்கள் பேசினால் மட்டும் தப்பா?

பாத்திமா அக்கா: யார் பேசினாலும் தப்புதான். எங்கள் பள்ளிவாசலில் ஒருவர் போன தேர்தலில் இப்படி ஆரம்பித்தபோது என் வீட்டுக்காரரே எழுந்து நிறுத்தச் சொன்னார். கோவில், மசூதி, சர்ச் எதையும் பிரசார மேடையாக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதியிலேயே இருக்கிறது. அதைவிடப் பெரியது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(3). மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டாலோ, மதச் சின்னத்தைக் காட்டிக் கேட்டாலோ அது ஊழல் நடவடிக்கை. வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ செய்தது என்று கோர்ட்டில் நிரூபணமானால் ஜெயித்த தேர்தலே செல்லாது. 1987-இல் மும்பை வில்லே பார்லே இடைத்தேர்தலில் அப்படித்தான் ஆனது. ஜெயித்தவர் பதவி போனது, அவருக்காகப் பேசிய சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேவுக்கு 6 வருஷம் ஓட்டுரிமையே இல்லாமல் போனது.

ஜோசப் அண்ணன்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே அச்சகத்தின் பெயரும் இல்லை, வெளியிட்டவர் பெயரும் இல்லை. தேர்தல் நோட்டீஸ் என்றால் இரண்டும் போட்டே ஆக வேண்டும், அதே சட்டத்தின் 127ஏ பிரிவு. பெயர் இல்லாமல் அடித்துக் கொடு என்று என் பிரஸ்ஸுக்கும் வந்தார்கள், முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

ராமசாமி சார்: பாத்திமா, சட்டம் சரிதான். ஆனால் அந்தப் பிரிவில் "அவருடைய மதம்" என்றுதானே இருக்கிறது. வேட்பாளர் தன் மதத்தைச் சொல்லாமல் நம் மதத்தைச் சொல்லிக் கேட்டால்?

பாத்திமா அக்கா: நல்ல கேள்வி சார். அதற்குத்தான் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள், அபிராம் சிங் வழக்கு, 2017 ஜனவரி 2-ஆம் தேதி தீர்ப்பு. வேட்பாளர் மதம், எதிராளி மதம், வாக்காளர் மதம் எதைச் சொல்லிக் கேட்டாலும் குற்றம் என்று நாலு பேர் சொன்னார்கள். மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காக நீதிபதி சந்திரசூட் எழுதினார்: மதத்தாலும் சாதியாலும் காலங்காலமாக மிதிபட்டவர்கள் அதைத் தேர்தலில் பேசாமல் வேறு எங்கே பேசுவார்கள் என்பது அவர் வாதம்.

கார்த்திக்: அப்படியென்றால் மதத்தைப் பேசலாம் என்று ஆகிறதே அக்கா?

ஜோசப் அண்ணன்: இதற்கு நான் சொல்கிறேன் கார்த்திக், கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சூசை என்று ஒருவர், சென்னையில் மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் சேருகிற முனையில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறிஸ்தவராக மாறியவர். அரசாங்கம் செருப்புத் தைக்கும் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது, அவருக்கு மட்டும் இல்லை என்றது, கிறிஸ்தவர் என்பதுதான் காரணம். அதே வெயில், அதே ஊசி நூல், அதே சாதி. உச்ச நீதிமன்றம் வரை போய் 1985-இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள்.

ராமசாமி சார்: ஜோசப், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தீண்டாமை இல்லை என்று நம்பித்தானே மாறுகிறார்கள்? மாறிய பிறகு பட்டியல் சாதிச் சலுகையையும் கேட்டால் எப்படி? 2024-இல் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், கிறிஸ்தவராக இருந்துகொண்டே சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே உச்ச நீதிமன்றம் சொன்னதே.

ஜோசப் அண்ணன்: தப்பாக எடுக்கவில்லை சார். நம்பித்தான் மாறினோம், ஆனால் சாதி கூடவே வந்துவிட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களான எங்கள் ஆட்களைத் தனியாகப் புதைக்க நடுவே சுவர் கட்டியிருக்கிறார்கள். கட்டியது இந்துக்கள் இல்லை, எங்கள் சபைக்காரர்களே. அதை நான் மறைக்க மாட்டேன். அப்புறம், 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். அந்த மதங்களிலும் சாதி இல்லை என்றுதானே சொல்கிறார்கள், பிறகு எங்களையும் பாத்திமா பக்கத்து மக்களையும் மட்டும் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்? தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் இருக்கிறோம், ஆனால் தனித்தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைச் சட்டம் எங்களைக் காக்காது.

ஜோசப் அண்ணன்: இன்னொன்று. என் பிரஸ்ஸில் சிலர் கல்யாணப் பத்திரிகை இரண்டு விதமாக அடிக்கச் சொல்வார்கள். ஞானஸ்நானப் பெயரும் சிலுவையும் போட்டுச் சொந்தக்காரருக்கு ஒன்று, சாதிச் சர்டிபிகேட்டில் உள்ள இந்துப் பெயரோடு பிள்ளையார் சுழி போட்டு ஆபீசில் கொடுக்க ஒன்று. அந்த இரண்டாவதற்கு புரூப் பார்க்கும்போது மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்க மாட்டார். நீங்கள் சொன்ன மோசடி அந்தப் பையனுடையதா சார்? திரும்ப இந்து என்று எழுதிக் கொடுத்து சாதியாரும் ஏற்றுக்கொண்டால் பழைய சர்டிபிகேட் கிடைக்கும் என்கிறபோது, ஒருவன் எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும் என்று விலை வைப்பது அரசாங்கம்தானே.

ராமசாமி சார்: இரண்டு பத்திரிகை விஷயம் எனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் தபால் ஆபீசில் இருந்தவன், எத்தனையோ பத்திரிகை என் கையில் வந்திருக்கிறது.

பாத்திமா அக்கா: கார்த்திக், நீ கேட்டதற்குப் பதில் இதுதான். "நான் உன் மதம், எனக்குப் போடு" என்கிறவருக்கு உன் பக்தி ஒரு டோக்கன், ஜெயித்தால் அவர் உனக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை, மறுபடி அதே படத்தைக் காட்டினால் போதும். "கும்பிட்ட சாமிக்காக என் உரிமையைப் பறித்தாய், திருப்பிக் கொடு" என்று ஜோசப் அண்ணன் கேட்பது அரசாங்கத்திடம். இந்துவும் அதைக் கேட்கலாம், நானும் கேட்கலாம். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டதே, அதைப் போட்ட உறுப்பினர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் இல்லை.

கார்த்திக்: அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு என்ன ஆனது?

பாத்திமா அக்கா: முடிவு டெல்லியில்தான். மத்திய அரசு போட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதி உரிமையை மதத்தைப் பார்க்காமல் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று 2007-லேயே சொல்லிவிட்டது, மத்திய அரசு ஏற்கவில்லை. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இதே கேள்விக்காக 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுவும் போட்டிருக்கிறார்கள்.

ராமசாமி சார்: எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை ஜோசப். பங்கு பிரிக்கும்போது ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களுக்குக் குறையுமே, அவர்களும் ஏழைகள்தானே. ஆனால் வன்கொடுமைச் சட்டம் கிடையாது என்பது அநியாயம். அடி வாங்குகிறவனிடம் மதம் கேட்கக் கூடாது.

ஜோசப் அண்ணன்: பங்கைப் பற்றி உட்கார்ந்து பேசலாம் சார், அந்தப் பயம் எங்கள் சொந்தக்காரர்களுக்கே இருக்கிறது. பாதி பேர் இந்துக்கள்தான்.

கார்த்திக்: நோட்டீஸைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். கமிட்டியில் மிச்சக் கட்டு இருக்கிறது, கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், சண்டை வரும், பார்த்துக்கொள்கிறேன். வேட்பாளர் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வருகிறார். கோவில் வாசலில் வைத்திருந்தார்கள், ரேஷன் கடை முன்னால் மாற்றச் சொல்லிவிட்டேன். அண்ணா, நீங்கள் வந்து 1950 ஆணையைப் பற்றிக் கேளுங்கள்.

ஜோசப் அண்ணன்: பிரஸ்ஸை நாலரைக்கே மூடிவிட்டு வருகிறேன்.

பாத்திமா அக்கா: நானும் வருகிறேன். மற்ற வேட்பாளர்கள் வந்தாலும் இதே இடம், இதே கேள்வி.