பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்கலாமா?

ஊர்_டாக்டர்:
பொள்ளாச்சிப் பக்கம் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன், வெறும் எம்பிபிஎஸ். பிளஸ் டூ ரிசல்ட், நீட் சமயம் வந்தால் தலைவலி, வயிற்றுவலி, தூக்கம் வரவில்லை என்று பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள், டெஸ்ட் எல்லாம் நார்மல். சிலரைப் பார்த்தாலே வேறு ஏதோ இருக்கிறது என்று புரிகிறது, ஆனால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், வெளியே டோக்கனோடு கூட்டம். சாகணும்னு தோணுதா என்று கேட்டு, இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்டால்? போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் உண்டு.

மனநல_மருத்துவர்:
தாராளமாகக் கேளுங்கள் சார். நியூயார்க்கில் பள்ளி மாணவர்கள் 2,300-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2005-இல் வெளியான ஆய்வில், இந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குக் கேட்காதவர்களைவிட உளைச்சல் கூடவில்லை, ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தே இருந்தது. "இந்த வயசுப் பிள்ளைகளை அஞ்சு நிமிஷம் தனியாப் பார்ப்பேன், அது என் வழக்கம்" என்று சொன்னால் அம்மாக்கள் எழுந்து போய்விடுவார்கள். வீடு, பள்ளி, நண்பர்கள், தூக்கம் என்று பேசிவிட்டு, "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் திட்டம் ஏதும் வைத்திருக்கிறானா, முன்பு முயன்றதுண்டா என்பதையும் கேட்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டில் சொல்லியே ஆவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
போலீஸ் விஷயம்: எண்ணம் இருப்பது எந்தக் காலத்திலும் குற்றமில்லை. முயன்றவர்களையும் 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு காக்கிறது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இ.பி.கோ. 309-ஆம் பிரிவு 2024 ஜூலையோடு போய்விட்டது.

பழைய_ஜிபி:
கேட்கலாம் சரி, அப்புறம்? ஆஸ்திரேலியாவில் குடும்ப டாக்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், ஆபத்தில் இருக்கும் இளைஞர்களைக் கண்டுபிடிப்பது இருமடங்குக்கு மேல் ஆனது, ஆனால் கண்டுபிடித்த பிறகு அவர்கள் செய்ததில் பெரிய மாற்றமில்லை. ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் 1983-84-இல் டாக்டர்களுக்கு மனச்சோர்வு பற்றிப் பாடம் எடுத்ததும் தற்கொலை குறைந்தது, பாடம் நின்று சில வருஷத்தில் மறுபடி ஏறிவிட்டது. நம் ஊரில் டாக்டர்கள் சங்கமான ஐஎம்ஏ கூட்டத்தில் சர்க்கரை, பிபி தவிர எதைப் பேசுகிறோம்? பிள்ளையைக் கையில் சீட்டோடு அனுப்பாதீர்கள், நீங்களே சைக்கியாட்ரிஸ்டுக்குப் போன் போட்டு நாள் வாங்குங்கள், மறு வாரம் வரச் சொல்லிப் பாருங்கள். ராத்திரி அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலிமனாஸ் 14416, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் இருக்கிறது.

கணக்கு_டீச்சர்:
டாக்டர் இல்லை, குறுக்கே பேசுகிறேன். தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்து திண்ணையிலேயே கிடக்கும். அதையும் வீட்டு மாத்திரைகளையும் பூட்டி வைக்கச் சொல்லி நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள், டாக்டர் சொன்னால் கேட்பார்கள். ஃபெயிலான பிள்ளைக்கு, துணைத் தேர்வு எழுதி அதே வருஷம் காலேஜ் போகலாம் என்பதையும் சொல்லுங்கள் சார், பாதிப் பேருக்கு அன்றைக்கு அது ஞாபகமே வராது.

ஊர்_டாக்டர்:
எல்லாருக்கும் நன்றி. சைக்கியாட்ரிஸ்டைப் பார்க்கும்வரை மனச்சோர்வு மாத்திரையான ஃப்ளூவாக்செட்டினை நானே ஆரம்பிக்கலாமா?

மனநல_மருத்துவர்:
சைக்கியாட்ரிஸ்டிடம் கலந்து பேசாமல் ஆரம்பிக்க வேண்டாம். முதல் சில வாரம் பதற்றமும் தற்கொலை எண்ணமும் சிலருக்குக் கூடலாம், அடிக்கடி பார்க்க வேண்டும். இன்பாக்ஸில் வாருங்கள், கோவையில் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் நம்பர் தருகிறேன்.