ஏடிடைனி85-க்குத் தனி புரோகிராமர் வாங்கணுமா, அர்டுயினோவே போதுமா?

பச்சை எல்இடி:
முதல்முறையாக ஏடிடைனி85 என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் சிப் நான்கு வாங்கியிருக்கிறேன். கையில் அர்டுயினோ ஊனோ போர்டு இருக்கிறது. புரோகிராம் ஏற்ற அதுவே போதுமா, யூஎஸ்பிஏஎஸ்பி என்ற தனி புரோகிராமர் வாங்கிவிடலாமா?

ஈயப்பற்று:
வாங்க வேண்டாம். ஊனோவையே புரோகிராமராக மாற்றும் ‘அர்டுயினோ ஐஎஸ்பி’ ஸ்கெட்ச்சை (புரோகிராமை) அதில் ஏற்றுங்கள். அப்புறம் அதன் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. அது இல்லையென்றால் கணினி பேச ஆரம்பித்ததும் ஊனோ ரீசெட் ஆகிவிடும். 10 முதல் 13 வரை நான்கு பின், பவருக்கு இரண்டு ஒயர், அவ்வளவுதான்.

தாமிரத்தடம்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சிப்பின் அடையாள எண்ணைப் படிக்க முடியவில்லை என்ற ‘டிவைஸ் சிக்னேச்சர்’ பிழை வந்துகொண்டே இருந்தது. புரோகிராமைக் குடைந்தேன், சிப்பை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் ஒயர்களைச் செருகும் பிரெட்போர்டில் ஒரு ஒயர் தளர்ந்திருந்தது. புதிதாக வருகிறவருக்குச் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறைவாக இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பி என்றால் ஒரு கேபிள், முடிந்தது.

ஈயப்பற்று:
அதே பிழை யூஎஸ்பிஏஎஸ்பியிலும் வரும். புது ஏடிடைனி85 ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸில். எஸ்சிகே (புரோகிராமர் டேட்டா அனுப்பும் கிளாக் வேகம்) அதில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பி சாதாரணமாக அனுப்புவது 375. அர்டுயினோ ஐஎஸ்பி ஸ்கெட்ச்சில் முதலிலேயே சுமார் 166 தான் வைத்திருக்கிறார்கள்.

தாமிரத்தடம்:
சரி, அது உண்மைதான். ஆனால் புரோகிராம் ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூடில் அந்த வேகத்தை (பிட் கிளாக்) குறைத்துவிடலாம், அல்லது போர்டிலேயே ‘ஸ்லோ எஸ்சிகே’ ஜம்பர் இருக்கிறது. ஒருமுறை சிப்பின் ஃப்யூஸை (அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பிட்டுகளை) 8 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. நீங்கள் சொல்லும் வழியில் ஒவ்வொரு தடவையும் ஊனோவை நடக்கிற வேலையிலிருந்து பிடுங்க வேண்டும்.

நள்ளிரவு ஓசி:
இருவரும் வோல்டேஜை விட்டுவிட்டீர்கள். ஊனோ 5 வோல்ட். மலிவான யூஎஸ்பிஏஎஸ்பி பலவற்றில் 3.3 ஜம்பர் பவர் லைனை மட்டும்தான் மாற்றும். டேட்டா லைன்கள் 5-லேயே நிற்கும். இப்படித்தான் அதே டேட்டா லைன்களில் (எஸ்பிஐ) மாட்டியிருந்த 3.3 வோல்ட் எஸ்டி கார்டு ஒன்றை இழந்தேன். எதை வைத்து ஏற்றினாலும் சிப்பைத் தனியாக வைத்து ஏற்றுங்கள்.

பச்சை எல்இடி:
அப்படியானால் இப்போதைக்கு ஊனோவிலேயே தொடங்குகிறேன் அண்ணா. இன்னொரு கேள்வி: எனக்கு ஆறு பின் தேவை. ரீசெட்டையும் சாதாரண பின்னாக மாற்றிவிடலாமா?

தாமிரத்தடம்:
தயவுசெய்து வேண்டாம்! அந்த ஒரு ஃப்யூஸ் பிட்டை மாற்றினால் ஊனோவும் நுழைய முடியாது, யூஎஸ்பிஏஎஸ்பியும் நுழைய முடியாது. ரீசெட் பின்னில் 12 வோல்ட் கொடுக்கும் ஹை வோல்டேஜ் புரோகிராமர்தான் ஒரே வழி.

ஈயப்பற்று:
அதையும் ஊனோ, ஒரு டிரான்சிஸ்டர், 12 வோல்ட் சப்ளை வைத்துச் செய்யலாம். நான் இரண்டு சிப்பை அப்படி மீட்டிருக்கிறேன்.

தாமிரத்தடம்:
மீட்கலாம். ஆனால் ஆறு பின்னுக்காக எதற்கு அந்தப் பாடு? ஏடிடைனி84 எடுங்கள், ரீசெட்டைத் தொடாமலே பதினொன்று கிடைக்கும். ஊனோவில் அதே ஸ்கெட்ச், அதே கெபாசிட்டர்.