ட்ரேயில் ஹார்டு டிஸ்க் ஆடுகிறது, நடுத் துளையும் காணோம்

கேள்வி:
கேபினெட்டில் 3.5 அங்குல டிஸ்க் மூன்று: பழைய 4 டிபி இரண்டு, புதிய 16 டிபி ஒன்று. புதியதில் பக்கவாட்டில் முன்னும் பின்னும்தான் துளை, நடுவில் இல்லை. ட்ரேயோடு இரண்டு ஸ்க்ரூதான் பொருந்துகிறது. எஸ்எஸ்டியோடு வந்த ஸ்க்ரூவைப் போட்டால் பிடிக்காமல் சுற்றுகிறது. ஓடும்போது ‘ஊம்’ என்ற சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. டேப் போட்டு ஒட்டிவிடலாமா?

பதில் 1:
சுற்றுவதற்குக் காரணம் மரை வேறு. 3.5 அங்குல டிஸ்க்குக்கு 6-32 என்ற அளவு ஸ்க்ரூ. கொஞ்சம் தடிமன், மரை இடைவெளி சுமார் 0.8 மி.மீ. எஸ்எஸ்டிக்கு எம்3 என்ற அளவு, மெலிசு, இடைவெளி 0.5 மி.மீ. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். எம்3-ஐ டிஸ்க்கில் போட்டால் நிற்காது. 6-32-ஐ எஸ்எஸ்டியில் திணித்தால் மரை போய்விடும், அதை மீட்க முடியாது.

நீளத்திலும் கவனம் வேண்டும். டிஸ்க்கின் பக்கவாட்டில் சுமார் 3.5 மி.மீ.க்கு மேல் உள்ளே போகக் கூடாது. ட்ரே தகட்டின் தடிமனைக் கூட்டி நீளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நடுத் துளை இல்லாதது குறையல்ல. அதிகக் கொள்ளளவு டிஸ்க்குகளில் உள்ளே தரவு பதியும் தட்டுகள் கூடியதால் அதை எடுத்துவிட்டார்கள். அடியிலும் பழைய டிஸ்க்குகளில் பின்பக்கத் துளையிலிருந்து அடுத்த துளைக்கு 44.45 மி.மீ. இருந்தது, இவற்றில் 76.2 மி.மீ. பக்கவாட்டில் முன்-பின் துளைகளுக்கு இடையே 101.6 மி.மீ. என்பது மட்டும் மாறவில்லை. அந்த இடைவெளியில் துளை உள்ள ட்ரே கிடைத்தால் நான்கும் பிடிக்கும்.

பதில் 2:
சத்தத்தைப் பற்றி. 7200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரே வேக டிஸ்க் இரண்டு இருந்தாலும் சுழற்சி துளி வித்தியாசப்படும். அந்த வித்தியாசம்தான் ஏறி இறங்கும் ரீங்காரமாகக் கேட்கிறது. டிஸ்க் கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல, கேபினெட் தகடு அதைப் பெரிதாக்குகிறது.

ட்ரேயில் ரப்பர் வளையம் இருந்தால் அதற்கென வரும் தோள் ஸ்க்ரூவையே போடுங்கள். கழுத்தில் மரையில்லாத பகுதி டிஸ்க்கில் போய் முட்டி நிற்கும், ரப்பர் நசுங்காது. சாதா ஸ்க்ரூவை இறுக்கினால் ரப்பர் தட்டையாகிவிடும், போட்டதே வீண். ரப்பர் இல்லையென்றால் நான்கு ஸ்க்ரூவையும் கையால் இரண்டு மூன்று சுற்று பிடிக்க வைத்து, ட்ரேயை மேசையில் சமமாக வைத்து, எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். ஸ்க்ரூடிரைவரை இரண்டு விரலால் பிடித்து முறுக்கும் பலம் போதும்.

டேப் வேண்டாம். டிஸ்க் சூட்டில் பசை இளகும். உள்ளே ஹீலியம் வாயு அடைக்காத, காற்றுள்ள டிஸ்க்கில் காற்றுத் துளையை அடைத்துவிடவும் கூடும். எஸ்எஸ்டிக்கு அசையும் பாகமே இல்லை, அதை ஒட்டினால் பரவாயில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரண்டு ஸ்க்ரூவோடு தற்காலிகமாக ஓட்டலாமா?

பதில் 3:
ஒரே பக்கத்தில் இரண்டு மட்டும் என்றால் வேண்டாம். மறுபக்கம் துடிக்கும், தட்டில் படித்து எழுதும் தலை தடத்தைவிட்டு நகரும், எழுதும் வேகம் விழும். பக்கத்துக்கு ஒன்றாக, குறுக்கு மூலைகளில் போட்டால் சில நாள் தாங்கும்.

மாட்டிய பிறகு ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) 199-ஆம் எண்ணைப் பாருங்கள், அது தரவு கடத்தலில் வந்த பிழைகளின் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம்: பக்கக் கதவு கேபிளை அழுத்தி, இணைப்பைக் கோணலாக இழுக்கும். அருகருகே இரண்டு டிஸ்க் இருந்தால் இடையில் ஒரு ட்ரே இடம் காலியாக விட்டு, முன்விசிறி அந்த இடைவெளியில் ஊதும்படி வையுங்கள். கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் மட்டும் ரப்பரில் மாட்டிய டிஸ்க்கைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள். சுமார் 700 கிராம் எடை குலுங்கினால் ரப்பர் கிழியும்.