இந்தியத் தரிசனங்கள்: பேசுவது எந்தக் கட்சி என்று கண்டுபிடிப்பது எப்படி?

புதுவாசகன்: நையாயிகம், வைசேடிகம், சாங்கியம், மீமாம்சை என்று தரிசனங்களின் (தத்துவ மரபுகளின்) பெயர்களெல்லாம் பழகிவிட்டன. ஆனால் ஒரு வாதத்தைப் படித்தால் அது யாருடைய கட்சி என்று பிடிபடுவதில்லை. வேதத்தை ஏற்பவர், ஏற்காதவர் என்ற பிரிவு இதற்கு உதவவில்லை. வேறு வழி உண்டா?

அளவைக்காரன்: ஒவ்வொரு கட்சியும் எத்தனை அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, ஏற்கிறது என்று எண்ணுங்கள். கண்டதை மட்டும் நம்பும் உலகாயதருக்குக் காட்சி (புலன்களால் நேரே அறிதல்) ஒன்றுதான். பௌத்தரும் வைசேடிகரும் அனுமானத்தையும் சேர்த்து இரண்டு என்பார்கள். சாங்கியர் ஆகமத்தோடு (நம்பத்தக்கவர் சொல்) மூன்று, நையாயிகர் உவமானத்தோடு (ஒப்புமை கொண்டு அறிதல்) நான்கு. மீமாம்சகரின் இரு பிரிவுகளில் பிரபாகரருக்கு அருத்தாபத்தியோடு (வேறு வகையில் விளக்க முடியாததால் ஒன்றைக் கொள்ளுதல்) ஐந்து, பாட்டருக்கு அபாவத்தோடு (காணாமையால் இல்லாமையை அறிதல்) ஆறு. அத்வைதிகளும் அந்த ஆறையே எடுத்துக்கொள்வார்கள். சைவ சித்தாந்தம் மூன்றோடு நிறுத்தும். மற்றவை அந்த மூன்றிலேயே அடங்கும் என்கிறது சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார்.

எண்ணிக்கையை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒரே வாக்கியத்தை எல்லாரிடமும் கொடுத்துப் பாருங்கள். "தரையில் குடம் இல்லை." இது எப்படித் தெரிந்தது? காணாமையே தனி அளவை என்பார் பாட்டர். நையாயிகர், இல்லாமையும் ஒரு பொருள்தான், அதைக் கண்ணாலேயே காண்கிறோம் என்பார். பிரபாகரர், அங்கே இருப்பது வெறும் தரை மட்டுமே, இல்லாமை என்று தனியாக ஒன்றும் கிடையாது என்பார். தர்மகீர்த்தி வழிப் பௌத்தர், இருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை என்று அனுமானத்தில் சேர்ப்பார். படிக்கும் பகுதியில் இல்லாமை பற்றிப் பேச்சு வந்தால் ஆளைப் பெரும்பாலும் அங்கேயே பிடித்துவிடலாம்.

மண்குடம்: மேலே சொன்னது சரி. ஆனால் பௌத்தரும் வைசேடிகரும் இரண்டிலேயே நிற்கிறார்களே, அவர்களை எப்படிப் பிரிப்பது? அதற்குக் காரண காரியத்தைப் பார்க்க வேண்டும். மண்ணில் குடம் முன்பே மறைந்திருந்தது என்றால் சாங்கியர்; மணலைப் பிழிந்தால் எண்ணெய் வருமா என்று கேட்பவர் இவர்தான். முன்பு இல்லாத குடம் புதிதாகத் தோன்றியது, தோன்றிய பின் நிலைத்து நிற்கிறது என்றால் நையாயிகரும் வைசேடிகரும். கணத்துக்குக் கணம் அழிந்து புதிதாகப் பிறக்கும் தொடரைத்தான் குடம் என்கிறோம் என்றால் பௌத்தர். மண் மட்டுமே மெய், குடம் வெறும் பெயரும் உருவும் என்றால் அத்வைதி.

புதுவாசகன்: நன்றி. ஒரே நூலில் முன்னுக்குப் பின் முரணாக வருகிறதே, அது ஏன்?

அளவைக்காரன்: பெரும்பாலும் பூர்வபட்சத்தை ஆசிரியர் கருத்தாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எதிர்க்கட்சியை முதலில் முழு வலுவோடு சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பதுதான் மரபு. "என்னில்", "என்பையாயின்", "அற்றன்று", "அது பொருந்தாது" போன்ற சொற்கள் வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பேசுபவர் மாறும் இடம் பெரும்பாலும் அதுதான். சித்தியாரில் சிக்கலே இல்லை, பரபக்கம் (பிறர் கட்சி), சுபக்கம் (தன் கட்சி) என்று ஆசிரியர் தனித்தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார். பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 கட்சிகள். ஆனால் ஒரு கட்சியைப் பற்றி எதிராளி நூலில் படித்ததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். உலகாயதருக்கு நேர்ந்த அநியாயம் அதுதான்.

மண்குடம்: தமிழிலேயே தொடங்க மணிமேகலையின் 27ஆம் காதை போதும். அங்கே அளவை சொல்லும் சமயங்கள் ஆறு: உலோகாயதம், பௌத்தம், சாங்கியம், நையாயிகம், வைசேடிகம், மீமாஞ்சகம். பின்னாளில் வழங்கிய ஆறு தரிசனப் பட்டியலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் உலோகாயதமும் பௌத்தமும் இருக்காது, யோகமும் வேதாந்தமும் இருக்கும். 29ஆம் காதையில் அறவண அடிகள் சொல்லும் பக்கப்போலி (குறையுள்ள கூற்று), ஏதுப்போலி (குறையுள்ள காரணம்) வகைகளை உரை இல்லாமல் தொடாதீர்கள்.