கனடா போற நீலகிரிக்காரங்களுக்கு: ஹைஸ்கூல்ல மீடியா புரோகிராம் எடுக்கலாமா?

அருவங்காட்டுல இருந்து கனடாவுல ஒன்டாரியோ மாநிலத்து பிராம்ப்டன் போயிருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார், பொண்ணு பத்தாவது சேர்ந்திருக்கா, ஸ்கூல்ல மீடியா கம்யூனிகேஷன்ஸ் ஸ்பெஷல் புரோகிராம்னு ஒரு பேப்பர் குடுத்து விட்டாங்க, அதுல சேர்த்தா பின்னாடி இஞ்சினியரிங் வழி அடைஞ்சு போயிடுமா அக்கான்னு. நாங்க ஒன்டாரியோவுல இருந்துட்டு குன்னூருக்கே திரும்பி வந்தவங்க, என் பையன் அந்த புரோகிராம்லதான் படிச்சு முடிச்சான், அதனால இங்க விசா வந்தவுடனே வீட்டுக்கு வந்து இதையே கேக்கறவங்க நிறைய. எல்லாருக்கும் சேர்த்து எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

வழி அடையாது தம்பி. தைரியமா சேருங்க. ஆனா பாடம் தேர்ந்தெடுக்கறப்ப கண்ணைத் திறந்து வச்சுக்கணும்.

அதுக்குப் பேரு ஸ்பெஷலிஸ்ட் ஹை ஸ்கில்ஸ் மேஜர், 2006ல இருந்து ஒன்டாரியோவுல இருக்கு. 11, 12 ரெண்டு வருஷமும் ஹைஸ்கூல் டிப்ளமாவுக்குள்ளயே (நம்ம பிளஸ் டூ சர்டிபிகேட் மாதிரி) நடக்கிறது, தனி படிப்பு கிடையாது. டிப்ளமாவுக்கு மொத்தம் 30 கிரெடிட் (ஒரு பாடம் முடிச்சா ஒரு கிரெடிட்) வேணும்ல, அதுல 8ல இருந்து 10 கிரெடிட் வரைக்கும் ஒரு துறையைச் சுத்தி அமைச்சுக் குடுப்பாங்க, மீடியா சில ஸ்கூல்ல ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் கீழ வரும், சில இடத்துல இன்ஃபர்மேஷன் கம்யூனிகேஷன்ஸ் டெக்னாலஜி கீழ வரும். கூடவே முதலுதவி, சிபிஆர் மாதிரி சர்டிபிகேட் எல்லாம் ஸ்கூலே ஏற்பாடு பண்ணிடும். கோ-ஆப்னு 2 கிரெடிட், அதாவது 220 மணி நேரம் வெளிய ஒரு வேலை இடத்துல போய் நிக்கணும். முடிச்சா டிப்ளமாவுல சிவப்பு முத்திரை வரும். முத்திரையை விட அந்த 220 மணி நேரம்தான் பெருசுன்னு நான் சொல்லுவேன், பதினாறு வயசுப் பிள்ளை ஒரு ஸ்டூடியோவுலயோ லோக்கல் பேப்பர் ஆபீஸ்லயோ பெரியவங்களோட நின்னு, சொன்ன டைமுக்கு வேலையை முடிச்சுக் குடுக்கக் கத்துக்குது பாருங்க, அது எந்த டியூஷன்லயும் கிடைக்காது.

இப்ப கண்ணைத் திறந்து பாக்க வேண்டிய இடம். கோர்ஸ் செலக்‌ஷன் ஷீட்ல டிஜிஜே3எம்னு ஒண்ணு இருக்கும். முதல் மூணு எழுத்து பாடம், கம்யூனிகேஷன்ஸ் டெக்னாலஜி. 3ன்னா பதினொண்ணாவது, 4ன்னா பன்னெண்டாவது. கடைசி எழுத்துதான் உயிர். யு போட்டா யூனிவர்சிட்டி, சி போட்டா காலேஜ் (அங்க காலேஜ்னா யூனிவர்சிட்டி இல்ல, பெரும்பாலும் தொழில் சார்ந்த படிப்பு), எம் ரெண்டுக்கும், ஓ போட்டா ஓப்பன், எல்லாருக்கும் பொது. யூனிவர்சிட்டிக்காரங்க பன்னெண்டாவதுல யு, எம் பாடங்கள் ஆறைத்தான் எடுத்துப் பாப்பாங்க. இஞ்சினியரிங்னா இங்கிலீஷ், ரெண்டு கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி அஞ்சும் யு-ல இருக்கணும், ஆறாவது இடத்துல டிஜிஜே4எம் பொதுவா உக்காந்துரும். ஒரு வருஷத்துக்கு எட்டு பாடம், அஞ்சும் ஒண்ணும் ஆறு, மீதி ரெண்டு கோ-ஆப், கணக்கு சரியா நிக்குதா? ஆனா இடைஞ்சலே இல்லாம நிக்காது, அதனால பத்தாவதுலயே கைடன்ஸ் கவுன்சிலர்கிட்ட உக்காந்து ரெண்டு வருஷத்துக்கும் பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க, சேர நினைக்கிற யூனிவர்சிட்டியோட வெப்சைட்டையும் ஒரு தடவை பாத்துருங்க. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துல பிள்ளைக்கு புதுசா வந்தவன்னு கேக்காமயே சி பாடமாப் போட்டு விட்டாங்க, அம்மா போய் பேசினதும் மாத்திக் குடுத்தாங்க. நம்மாளுங்க ஸ்கூல்ல போய்க் கேக்கவே கூச்சப்படுவாங்க, அங்க கேக்கிறதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, 2024 செப்டம்பர்ல இருந்து ஒன்பதாவது சேர்ற பிள்ளைங்களுக்கு 9 இல்ல 10ல ஒரு டெக்னாலஜி கிரெடிட் கட்டாயம். டிஜிஜே2ஓ எடுத்தா அதுவும் தீந்துடும், பொண்ணுக்கு இது ஒத்து வருதான்னும் தெரிஞ்சுடும்.

இங்கிலீஷ் பத்தி ரொம்பப் பயப்படறாங்க. இஎஸ்எல்னு இங்கிலீஷ் தாய்மொழி இல்லாத பிள்ளைங்களுக்கான வகுப்பு, அதுல அஞ்சு லெவல் இருக்கு, நாலு இங்கிலீஷ் கிரெடிட்ல மூணு வரைக்கும் இஎஸ்எல் கணக்குல எடுத்துப்பாங்க. நம்ம ஊட்டி, குன்னூர் கான்வென்ட் பிள்ளைங்க எழுதறதுல நல்லா இருப்பாங்க, வாயைத் திறக்கத்தான் தயக்கம். காலைல ஸ்பீக்கர்ல அறிவிப்பு வாசிக்கிற குழு நிறைய ஸ்கூல்ல இருக்கும், அதுல பேர் குடுக்கச் சொல்லுங்க.

வீடு பாக்கிறதுக்கு முன்னாடி ஸ்கூல் பாருங்க, இதைத் தயவு செஞ்சு மறக்காதீங்க. எல்லா ஸ்கூல்லயும் இந்த புரோகிராம் கிடையாது, எந்த அட்ரஸ்னு பாத்துதான் ஸ்கூல் ஒதுக்குவாங்க, வாடகை அக்ரிமென்ட் போட்டப்புறம் தெரிஞ்சா மாத்தறது கஷ்டம். கிளம்பறதுக்கு முன்னாடி மார்க் ஷீட் ஒரிஜினல், டிசி எல்லாம் கையில இருக்கணும், அதைப் பாத்துதான் எத்தனை கிரெடிட் ஈடா குடுக்கலாம்னு அங்க பிரின்சிபால் முடிவு பண்ணுவாங்க.

இனி இன்னும் கிளம்பாதவங்களுக்கு. இதைத்தான் எனக்குச் சொல்லணும்னு ரொம்ப ஆசை. மீடியா படிக்கப் போற பிள்ளை வெறுங்கையோட போகக் கூடாது, மலையில இருந்து கொஞ்சம் பதிவு பண்ணி எடுத்துட்டுப் போகட்டும். போன் போதும், எடிட் பண்ண டாவின்சி ரிசால்வ் இலவசமாவே கிடைக்குது. பொம்மை ரயிலும் பனிமூட்டமும் வேண்டாம், அது எல்லாரும் எடுக்கறது. கோத்தகிரி பக்கம் மழை நாள்ல பச்சைத்தேயிலை எடை போடற இடத்துல போய் நில்லுங்க. ஈர இலைக்கு எத்தனை கிலோ கழிக்கிறதுன்னு ஒரு வாக்குவாதம் நடக்கும், சாக்கு தராசுல தொங்கிட்டு ஆடும், முள்ளு நிக்கிற வரைக்கும் இலை கொண்டு வந்த அம்மா கண்ணை எடுக்க மாட்டாங்க. ரெண்டு நிமிஷம் அதை எடுத்தா ஒரு ஆவணப்படத்துக்கு வேணுங்கிறது அத்தனையும் அதுல இருக்கு.

தாத்தா எச்பிஎஃப்ல, அதாவது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல வேலை பாத்தவரா? இந்து நகர்ல 1960ல ஆரம்பிச்சு 1967ல உற்பத்தி தொடங்கின ஃபேக்டரி, நாட்டுக்கே எக்ஸ்ரே ஃபிலிமும் கருப்பு வெள்ளை ஃபிலிமும் நம்ம மலையில இருந்து போச்சு. ஃபிலிம் மேல வெளிச்சம் படக் கூடாதுன்னு இருட்டுல வேலை செஞ்சவங்க இன்னும் நம்ம நடுவுல இருக்காங்க, அவங்க குரலைப் பதிவு பண்ணலைன்னா பின்னாடி யார்கிட்ட போய்க் கேப்பீங்க? அதே மாதிரி 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்து, டேன்டீங்கிற தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்ச பாட்டிங்க. டொரன்டோ பக்கம் ஈழத்துப் பிள்ளைங்க வகுப்புல கூடவே இருப்பாங்க, இந்தக் கதையைப் போட்டா அவங்க வீட்டுலயும் ஒரு பேச்சு ஆரம்பிக்கும்.

ஆனா கேட்டுட்டு எடுங்க. தோடர் மந்துக்கோ பழங்குடி ஊருக்கோ கேமராவைத் தூக்கிட்டு நேரா போய் நிக்காதீங்க. யாரு, எதுக்கு, எங்க காட்டப் போறோம்னு சொல்லி, சம்மதத்தையும் பேசியே பதிவு பண்ணி வச்சுக்கோங்க. அங்க ஸ்கூல்லயும் முகம் வர்ற எதுக்கும் சம்மதப் படிவம் கேப்பாங்க. சினிமாப் பாட்டை எடுத்துப் பின்னணில ஒட்டாதீங்க, அதுக்குப் பதிலா மழைச் சத்தமே போதும்.

கேத்தி தங்கச்சி ஒருத்தி, எட்டாவது படிக்கிற பையனுக்கும் இந்த மாதிரி புரோகிராம் கிடைக்குமான்னு கேட்டிருக்கா, அதுக்கு: பையன் எட்டாவதுன்னா சில போர்டுல (போர்டுன்னா அந்தப் பகுதி ஸ்கூல்களை நடத்துற அமைப்பு) ஒன்பதாவதுல இருந்தே ஆர்ட்ஸ், மீடியா மாதிரி ஸ்பெஷல் புரோகிராம் இருக்கு, அதுக்கு எட்டாவது படிக்கறப்பவே, குளிர் ஆரம்பிக்கிற சமயத்துல அப்ளிகேஷன் போட்டாகணும். நீங்க ஜனவரிலதான் போறீங்கன்னா அது தாண்டிப் போயிருக்கலாம், கவலைப்படாதீங்க, பதினொண்ணாவதுல நான் மேல சொன்ன வாசல் திறந்துதான் இருக்கு. நடுவுல 40 மணி நேரம் சமூக சேவை எல்லா மாணவருக்கும் கட்டாயம், லாப நோக்கமில்லாத தமிழ்ச் சங்கத்துல விழா வீடியோ எடுத்துக் குடுக்கறதைக் கணக்குல எடுப்பாங்களான்னு ஸ்கூல்ல முன்னாடியே கேட்டுட்டுப் பண்ணச் சொல்லுங்க. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் ஹைஸ்கூல் கிரெடிட் தர்ற போர்டு இருக்கு, அதையும் விசாரிங்க.

பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு புரியலைன்னா பிள்ளை பேரை மறைச்சுட்டு போட்டோ எடுத்துக் கீழ போடுங்க, ராத்திரி பாத்துச் சொல்றேன்.